எண்ணெய் படிந்த கடற்கரை தேறுகிறதா? நுண்ணுயிர் டிஎன்ஏ-வை அலசிப் பார்ப்பது எப்படி

2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தபோது, மெக்சிகோ வளைகுடாவில் கொட்டிய எண்ணெய் புளோரிடாவின் பென்சகோலா கடற்கரை வரை ஒதுங்கியது. அந்த மணலில் பெருகிய பாக்டீரியாக்களில் ஆல்கனிவோராக்ஸ் முக்கியமானது. எண்ணெயிலுள்ள ஆல்கேன் என்ற ஹைட்ரோகார்பன்தான் அதன் சாப்பாடு. சுத்தமான கடலில் அரிதாகவே சிக்கும். கரை தேறுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல தடயம் குறைவு.

முதலில் எஸ்ஆர்ஏ என்ற பொது டிஎன்ஏ தரவுக் களஞ்சியத்திலிருந்து இல்லுமினா 16எஸ் தரவை இறக்குங்கள். 16எஸ் என்பது பாக்டீரியாக்களை அடையாளம் காட்டும் மரபணு, இல்லுமினா அதைப் படிக்கும் கருவி. எண்ணெய் படாத மணலின் மாதிரிகளும் கட்டாயம் வேண்டும். அப்புறம் கட்அடாப்ட் என்ற மென்பொருள் கொண்டு பிரைமர்களை, அதாவது மரபணுவின் ஒரு துண்டை நகலெடுக்க அதன் இரு முனையிலும் ஒட்டும் குட்டி டிஎன்ஏக்களை, நீக்குங்கள். கடல் மாதிரிக்கு 515எஃப், 926ஆர் என்ற பிரைமர் ஜோடியில் எடுத்த தரவே என் தேர்வு.

அடுத்தது டாடா2, ரீடுகளின் பிழைகளைக் களைந்து இணைக்கும் மென்பொருள். ரீடு என்பது அந்தத் துண்டை ஒரு முனையிலிருந்து படித்த எழுத்துத் தொடர்; இரு முனைக்கும் ஒவ்வொன்று. தொடங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ரீடுகளின் வால் பகுதியில் தரம் குறையும் என்பதால் நறுக்கச் சொல்வார்கள். எவ்வளவு நறுக்குவது? பிரைமர் போக இந்தத் துண்டின் நீளம் சுமார் 370 எழுத்து. இரு பக்கமும் 180 என்று வைத்தால் கூட்டினால் 360. இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது, இணையாத ரீடுகள் எல்லாம் கழிந்துபோகும். 220, 180 என்று வைத்தால் 400. 30 எழுத்து மேற்படியும். டாடா2-க்கு 12 போதும், ஆனால் இனத்துக்கு இனம் நீளம் மாறுமே. ஓரத்தில் நிறுத்தினால் நீளமான துண்டு கொண்ட இனங்கள் மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். இணைத்த பிறகு எத்தனை ரீடு மிஞ்சியது என்று ஒவ்வொரு மாதிரிக்கும் பாருங்கள். பாதிக்கும் கீழே போனால் திரும்ப இந்தப் படிக்கே வாருங்கள்.

கிடைத்த துண்டுகள் எந்த இனம் என்று பெயரிட சில்வா தரவுத்தளம். அதில் பாசிகளின் பசுங்கணிகமும் (குளோரோபிளாஸ்ட்) சயனோபாக்டீரியாவுக்குள் வரும், அதை நீக்குங்கள். சரி, இப்போது ஆல்கனிவோராக்ஸின் பங்கை இரு மணலுக்கும் ஒப்பிடலாம். கிடைப்பது விழுக்காடு மட்டுமே, எண்ணிக்கை அல்ல. எண்ணிக்கை வேண்டுமானால் மரபணுவின் நகல்களை அளக்கும் கியூபிசிஆர் சோதனை செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: பசுங்கணிகத்தை நீக்கியதும் பாதி அட்டவணை போய்விட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த அட்டவணையைக் கையாளும் ஃபைலோசெக் மென்பொருளில் ‘பசுங்கணிகம் அல்லாதவை’ என்று மட்டும் வடிகட்டினால், வகைப்பாட்டில் வரிசை (ஆர்டர்) பெயரே கிடைக்காத இனங்களும் சேர்ந்து போய்விடும். ‘பெயர் வெற்றாக இருந்தாலும் வை’ என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.