மூச்சைக் கவனிக்க உட்காருவது எப்படி

ஆனாபானசதிக்கு, அதாவது மூச்சைக் கவனிக்கும் பௌத்த தியானத்துக்கு, விடிகாலை 5 மணி வாக்கில் உட்காருவது நல்லது. சென்னையில் அதற்குப் பிறகு புழுக்கமும் ஹாரனும் தொடங்கிவிடும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. அடித்தால் மூக்கு நுனியில் மூச்சு படுவதே தெரியாது.

பாயில் கனத்த போர்வையை மடித்துப் போட்டு, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு கூன் விழும், கால் சீக்கிரம் மரத்துப்போகும். முடியாதவர்களுக்கு நாற்காலி போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மூச்சு வெளியேறி முடிந்ததும் 'ஒன்று' என்று எண்ணுங்கள். விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த நூல் சொல்லும் கணக்கு: 5-க்குக் குறையாமல், 10-ஐத் தாண்டாமல் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. எண்ணிக்கை 14, 15 என்று ஓடியிருந்தால் மனம் எப்போதோ கிளம்பிப்போய்விட்டது. திட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். பலர் செய்யும் தவறு, மூச்சை வேண்டுமென்றே இழுப்பது. இது பிராணாயாமம் அல்ல. இழுத்தால் நெஞ்சு இறுகும், தலை கிறுகிறுக்கும். தூக்கம் சொக்கினால் எழுந்து மொட்டை மாடியில் மெதுவாக நடங்கள்.

முதல் வாரம் 10 நிமிடம் போதும். முறையாகக் கற்க, சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் 10 நாள் விபாசனா தியான வகுப்பு உண்டு, கட்டணம் இல்லை. முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும்தான். போனை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும்.