இரு நாடுகளின் பகையைத் தாராளவாதம் கொண்டு அளப்பது எப்படி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் படிப்பவர்களுக்கு, பன்னாட்டு உறவுகளை விளக்கும் தாராளவாதக் கோட்பாடு பெரும்பாலும் ஒரு பத்து மதிப்பெண் விடை. மக்களாட்சி, வணிகம், பன்னாட்டு அமைப்பு மூன்றும் இருந்தால் போர் வராது என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. போர் மூளும் வாய்ப்பு குறையும் என்று மட்டுமே சொல்கிறது. அதையும் தனி ஒரு நாட்டைப் பற்றிச் சொல்லாமல் இரு நாடுகளின் ஜோடியைப் பற்றிச் சொல்கிறது. அதை ஒரு பகையில் பொருத்திச் சோதிக்கும் முறை இது. நான்கைந்து பேர் சேர்ந்த வாசிப்பு வட்டம் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

முதலில் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். தொடங்கும்போதே இந்தியா–பாகிஸ்தானை எடுத்தால் கணக்கு நகராது, வாக்குவாதம்தான் நடக்கும். இந்தியா–இலங்கை அல்லது இந்தியா–வங்கதேசத்தில் கை பழகிக்கொள்ளுங்கள். காலத்தை ஐந்தாண்டுத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒற்றை ஆண்டை எடுத்தால் ஒரு வெள்ளமோ ஒரு தேர்தலோ படத்தையே மாற்றிவிடும். போர் என்றால் என்ன என்பதையும் கணக்குக்கு முன்பே எழுதி வையுங்கள். ஆய்வாளர்கள் பொதுவாகக் களத்தில் ஆயிரம் உயிரிழப்பை எல்லையாகக் கொள்கிறார்கள், அதற்குக் கீழே இருப்பது ஆயுத மோதல். இதை முன்கூட்டி முடிவு செய்யாத குழு, விடை வந்த பிறகு தனக்குப் பிடித்தபடி எல்லைக்கோட்டை நகர்த்தும்.

கோட்பாடு நிற்கும் மூன்று கால்களில் முதல் கால் ஆட்சிமுறை. 1795-ல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் நிரந்தர அமைதி பற்றி எழுதியபோது கேட்டது குடியரசு அமைப்பை. போரின் செலவையும் சாவையும் சுமக்கப் போகிறவர்களின் ஒப்புதல் இல்லாமல் போர் அறிவிக்க முடியாத ஏற்பாடு அது. 1983-ல் அரசியல் ஆய்வாளர் மைக்கேல் டாயில் இதை வரலாற்றுப் பட்டியலோடு ஒப்பிட்டு, தாராளவாத மக்களாட்சிகள் தங்களுக்குள் போரிட்டுக்கொள்வது மிக அரிது என்றார். மற்ற அரசுகளோடு அவை தாராளமாகவே போரிடுகின்றன என்ற பாதியைத்தான் தேர்வுத்தாள்கள் விழுங்கிவிடுகின்றன. அளக்க, நாடுகளின் ஆட்சிமுறைக்கு ஆய்வாளர்கள் ஆண்டுவாரியாகத் தரும் பாலிட்டி மதிப்பெண் போதும்: கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வரை, 6-ஓ அதற்கு மேலோ இருந்தால் மக்களாட்சி. இரண்டு நாட்டுக்கும் சராசரி போடாதீர்கள், குறைந்த மதிப்பெண்ணை மட்டும் எடுங்கள். ஒரு பக்கம் கட்டுப்பாடில்லாத ஆட்சி இருந்தால் மறுபக்கத்தின் நாடாளுமன்றம் ஜோடியைக் காப்பாற்றாது.

1999 கார்கில் போரில் இந்தியா, பாகிஸ்தான் இரு பக்கமும் தேர்தலில் வென்ற அரசுகளே இருந்தன. அதை விதிவிலக்கு என்று ஓரம்கட்டினால் பயிற்சியே வீண். படையை நகர்த்தும் முடிவு உண்மையில் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். மதிப்பெண் தேர்தலைப் பார்க்கிறது, ராணுவத் தலைமையகத்தின் உள்ளே நடப்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

இரண்டாவது கால் வணிகம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதிகம் புரிய வேண்டிய கால் இது, பிழை அதிகம் நடப்பதும் இங்கேதான். ஒரு நாடு மற்ற நாட்டோடு செய்யும் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் கூட்டி, அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுங்கள். இருவருக்கும் இடையே வணிகம் 12 என்று வைப்போம். ஒன்றின் உற்பத்தி 400, சார்பு 3 சதவீதம். மற்றதன் உற்பத்தி 3,000, சார்பு 0.4 சதவீதம். ஜோடியின் மதிப்பு 0.4 தான். இழக்க அதிகம் இல்லாதவனே துணிந்து கைவைப்பான் என்பதால் இங்கும் சிறியதைத்தான் எடுக்கிறோம். ஆய்வாளர்கள் புரூஸ் ரஸ்ஸெட்டும் ஜான் ஓனீலும் மூன்று கால்களையும் சேர்த்துச் சோதித்தபோது செய்ததும் இதையே.

எண் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். யார் இழப்பார், அவர் குரல் முடிவெடுப்பவரை எட்டுமா என்று எழுதுங்கள். 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்தைத் தடை செய்து, பொருளில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. தோலை ஏற்றுமதிக்குப் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகள் ரசாயனத்தை மாற்ற வேண்டியதாயிற்று. வாங்குபவனுக்கு வேறு நாட்டுத் தோல் கிடைக்கும், விற்பவனுக்கு அதே அளவு சந்தை உடனே கிடைக்காது. அரசியல் ஆய்வாளர்கள் கியோஹேனும் நையும் 1977-ல் பிரித்துக் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான்: அடி உடனே வலிப்பது ஒன்று, வழியை மாற்றிய பிறகும் வலி தீராதது இன்னொன்று. இரண்டாவது எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பேரத்தில் இளைத்தது. சார்ந்திருப்பது அமைதியைத் தரலாம், மிரட்டும் கருவியாகவும் ஆகலாம். உங்கள் குறிப்பில் இரண்டுக்கும் இடம் விடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். 2020 ஜூனில் இந்திய–சீன எல்லையில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். மறு ஆண்டே இந்திய–சீன வணிகம் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. வணிகம் இருந்தும் மோதல், மோதல் இருந்தும் வணிகம். வணிகம் மோதலைத் தடுக்கவில்லை என்பது சரி, அது முழுப் போராகாமல் தடுத்ததா என்பது தனிக் கேள்வி, தனியாக எழுதுங்கள். அடுத்த பொறி 1914-ன் முதல் உலகப் போர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எழுத்தாளர் நார்மன் ஏஞ்சல் போரால் வென்றவனுக்கும் லாபமில்லை என்றார். போர் வரவே வராது என்று அவர் சொன்னதாக இன்றும் பலர் எழுதுகிறார்கள். இன்றைய வணிகத்தைவிட நாளைய வணிகம் பற்றிய எதிர்பார்ப்பே முக்கியம் என்பது ஆய்வாளர் டேல் கோப்லாந்தின் வாதம். சந்தை மூடப்போகிறது என்று நினைக்கும் நாடு, வணிகம் உச்சத்தில் இருக்கும்போதே ஆயுதம் எடுக்கலாம்.

மூன்றாவது கால் அமைப்புகள். இரு நாடும் சேர்ந்து உறுப்பினராக உள்ள அமைப்புகளை எண்ணுவது எளிது, ஆனால் அந்த எண் ஏமாற்றும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985-ல் தொடங்கியது. முடிவெல்லாம் ஒருமனதாக, இருதரப்புச் சச்சரவு பேசக் கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடு நடக்கவில்லை. ஒவ்வோர் அமைப்பிடமும் மூன்றைக் கேளுங்கள்: தகவல் பகிர்கிறதா, தகராறைத் தீர்க்க வழி வைத்திருக்கிறதா, வெளியேறினால் என்ன செலவு? 1960 சிந்து நதிநீர் ஒப்பந்தம் முதல் இரண்டிலும் தேறியது. 1965, 1971, 1999 போர்களைத் தாண்டியும் நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தபோது மூன்றாவது கேள்வியின் கனம் தெரிந்தது.

ஒப்பந்தத்தைப் படித்துப் பழக நம் ஊர் உதாரணங்கள் போதும். பாலாறு உட்பட்ட 1892 சென்னை–மைசூர் நதிநீர் உடன்படிக்கையில் ஒப்புதல் கேட்கும் விதி எங்கே, மறுத்தால் தீர்ப்பது யார் என்று அடிக்கோடிடுங்கள். எச்சரிக்கை ஒன்று: இன்றைய பாலாறு தமிழ்நாடு–ஆந்திரப் பிரச்சினை, மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒன்று இல்லை, எனவே அதைப் பன்னாட்டு உதாரணமாக்கக் கூடாது.

எதிர் உதாரணம் வேண்டுமானால், போரில் தோற்ற திப்பு சுல்தான் ஆங்கிலேயரோடு செய்த 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாதி நாடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாகத் திப்புவின் இரு மகன்கள். பிள்ளைகள் 1794-ல் திரும்பினார்கள், 1799-ல் மீண்டும் போர். அதன் பிறகு திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டைக்குள் வைக்கப்பட்டு, 1806 கிளர்ச்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. அடுத்த போருக்கான காரணத்தை உள்ளே ஒளித்து வைத்த உடன்படிக்கை செல்லாது என்பது காண்ட் வைத்த முதல் விதி. 1792-ஐ அதன் மீது வைத்துப் பாருங்கள்.

கடைசியில் ஒரே தாளில் அட்டவணை: வரிசைகளில் ஐந்தாண்டுத் துண்டுகள், பத்திகளில் மூன்று கால்கள், கடைசிப் பத்தியில் மோதல். பக்கத்திலேயே, படைபலமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்னும் எதார்த்தவாதியின் விளக்கத்தையும் எழுதுங்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1951-ல் நிலக்கரி, எஃகைப் பொது அமைப்பின் கீழ் வைத்ததால் அமைதி என்பீர்கள். 1949-ல் வந்த நேட்டோ ராணுவக் கூட்டணியும் அமெரிக்கப் படையும்தான் காரணம் என்பார் அவர். எந்த ஆண்டில் எந்த விளக்கம் பொருந்தவில்லை என்று குறிக்க முடிந்தால் பயிற்சி தேறியது. பாலிட்டி மதிப்பெண் 2018-ஓடு நிற்கிறது. அதற்குப் பின்னைய ஆண்டுகளுக்கு மக்களாட்சியை அளக்கும் வி-டெம் குறியீட்டை எடுக்கலாம், ஆனால் அதன் அளவு 0 முதல் 1 வரை. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காமல் புதுப் பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.