பத்து வெள்ளி பிளக்கா, நாற்பது வெள்ளி பிளக்கா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு மாநிலத்தின் பிறையில் என் வீட்டு வாசலில் தங்கச்சி மகன் தன் யமஹா ஒய்15 மோட்டார்சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் பசியாறி முடிக்கக்கூட இல்லை. "மாமா, இரிடியம் போட்டுட்டேன். சும்மா பறக்குது!" என்றான்.

எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைத்தான் சொன்னான்; இரிடியம் உலோக முனை வைத்த நாற்பது வெள்ளி (ரிங்கிட்) பிளக். கழற்றிய பழைய பிளக்கை என்ன செய்தாய் என்று கேட்டேன். சீட்டுக்கு அடியில் கிடந்தது. நடுமுனை தேய்ந்து, விளிம்பெல்லாம் உருண்டு மொட்டையாகியிருந்தது. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் பொறி தாவும் இடைவெளி 1.2 மில்லிமீட்டர். அந்த மோட்டாருக்கு 0.8, மிஞ்சிப்போனால் 0.9 இருக்க வேண்டும். வாங்கி ஐந்து வருடம், 22,000 கிலோமீட்டர், ஒரே பிளக்.

முதல் தவறு இதுதான். மிக அதிகம் பேர் செய்வதும் இதுதான். தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது இரிடியம் போடுகிறோம். மோட்டார் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, திராட்டல் திருகினால் தயங்காமல் போகிறது. பெருமை முழுவதையும் இரிடியத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் ஒப்பிட்டது பழையதையும் புதியதையும். பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் சாதாரண நிக்கல் பிளக்கைப் புதிதாகப் போட்டிருந்தாலும் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி தெரிந்திருக்கும்.

காரணம் எளிது. பொறி கூரான விளிம்பிலிருந்து சுலபமாகத் தாவும். விளிம்பு உருண்டு இடைவெளியும் கூடினால், தாவ வைக்க, பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில் (கம்பிச் சுருள்) அதிக மின்னழுத்தம் தர வேண்டியிருக்கும். அது தர முடியாத நேரத்தில், அதாவது இருவர் ஏறி ஆயர் ஈத்தாம் மேட்டில் திராட்டலை முழுசாகத் திருகும்போது, பொறி தவறும். சாதாரண பிளக்கின் நடுமுனை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தடிமன். என்.ஜி.கே பிராண்டு இரிடியத்தில் 0.6, டென்சோ பிராண்டில் 0.4. நிக்கல் சுமார் 1,455 பாகை செல்சியஸில் உருகும், இரிடியம் சுமார் 2,446-இல். அதனால்தான் அவ்வளவு மெல்லிய ஊசி முனை அந்தச் சூட்டிலும் கரையாமல் நிற்கிறது, குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி விடுகிறது.

ஆனால் பொறியின் வேலை பற்றவைப்பது மட்டுமே. அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்தாலும் லைட்டரால் பற்றவைத்தாலும் தோசை வேகும் நேரம் ஒன்றுதான். சாதாரண பிளக் தவறாமல் பற்றவைக்கும் மோட்டாரில் இரிடியம் கூடுதல் குதிரைசக்தி எதையும் கொண்டுவராது. பற்றவைப்பதே சிரமமாக இருக்கும் மோட்டாரில்தான் அதன் அருமை தெரியும்: பேட்டரி சோர்ந்தது, கார்புரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் தூக்கலாகப் போவது, எண்ணெய்ப் புகையில் அடிக்கடி பிளக் நனையும் 125இசட், ஆர்எக்ஸ்இசட் மாதிரி டூ-ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ்இசட்டை இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் அண்ணன்மார் இரிடியத்துக்குச் செலவழித்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த தவறு இதைவிட ஆபத்தானது. உலோகத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு, பிளக்கின் மேல் அச்சடித்த எண்ணைப் படிக்காமல் விடுவது. அந்த எண் பெயர் அல்ல, அளவு. ஒய்15-க்கு உரிய சிபிஆர்8ஈஏ-9 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சி என்றால் மரை 10 மில்லிமீட்டர். ஆர் என்றால் உள்ளே மின்தடை உண்டு. 8 என்பது சூட்டு எண். ஈ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 9, இடைவெளி 0.9. பழைய கார்புரேட்டர் கப்சாய்களில் (சிறிய மோட்டார்சைக்கிள்கள்) பரவலாகப் போடும் சி7எச்எஸ்ஏ-வில் சி அதேதான், ஆனால் ஈ இருக்க வேண்டிய இடத்தில் எச் இருக்கிறது. மரை நீளம் 12.7 மட்டும்.

இரண்டுக்கும் மரை 10 மில்லிமீட்டர், சாவியும் (ஸ்பேனர்) அதே 16. ஆகவே நீளமானது குட்டைக்கான எஞ்சின் ஹெட்டிலும் (சிலிண்டரின் மேல்மூடி) சமர்த்தாகத் திருகிக்கொள்ளும், ஆனால் 6.3 மில்லிமீட்டர் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். கிக் அடித்த உடனே பிஸ்டன் வந்து முட்டினால் மோட்டார் கடைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். தலைகீழாகக் குட்டையானதை நீள ஹெட்டில் போட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வெளியே தெரியும் மரையில் கரி படிந்து, பிறகு சரியான பிளக் உள்ளே ஏற மறுக்கும்.

சூட்டு எண்ணில் இன்னொரு குழப்பம். என்.ஜி.கே-யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி, அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடும். ஆனால் எண்கள் ஒன்றல்ல: என்.ஜி.கே 7 என்றால் டென்சோவில் 22, 8 என்றால் 24. போஷ், சாம்பியன் பிளக்குகளில் கதையே தலைகீழ், எண் ஏறினால் சூடு. பிராண்டு மாற்றும்போது கடைக்காரர் 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்றால், பொருத்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

'ரேசிங் பிளக்' என்று ஓர் எண் குளிர்ச்சியாகத் தருவதும் நடக்கிறது. பிளக்கின் முனை சுமார் 450 பாகையைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800-ஐ மீறினால் பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டன் ஓட்டையாகிற வழி அது. நடுவில் இருக்கும் அந்த வெளியில் நிற்பது நீங்கள் ஓட்டும் விதத்தைப் பொறுத்தது. நான் தினமும் பாயான் லெப்பாஸுக்குப் பினாங்குப் பாலத்தின் 13.5 கிலோமீட்டரையும் ஒரே வேகத்தில் கடக்கிறேன், என் பிளக் நன்றாகச் சூடேறும். தங்கச்சி மகனோ ஜெலுத்தோங்கிலிருந்து கொம்தார் பக்கம் நாலு கிலோமீட்டர், அதற்குள் எத்தனை சிவப்பு விளக்கு! அவனுக்குக் கடையில் கொடுத்ததோ 9. இதை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருகிறேன்.

இரிடியம் போட்டால் லட்சம் கிலோமீட்டருக்குத் தொட வேண்டாம் என்பது காரிலிருந்து இறக்குமதியான நம்பிக்கை. கப்சாய் எஞ்சின் ஒரு கிலோமீட்டருக்குச் சுற்றும் சுற்றுகள் காரைவிட அதிகம். போதாக்குறைக்குப் பல மோட்டார்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுகிறது, அதில் பாதி வெளியேறும் புகையில் வீணாகப் போகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரிடியம் பிளக்கில் நடுமுனை மட்டும்தான் இரிடியம், எதிரே வளைந்திருக்கும் கொக்கி அதே பழைய நிக்கல். ஊசி தேயாமல் இருக்கும், கொக்கி தேய்ந்துகொண்டே போகும், இடைவெளியும் கூடும். கொக்கியிலும் பிளாட்டினம் வைத்தவை உண்டு, நிஜமாகவே நீண்ட ஆயுள் அவற்றுக்குத்தான்.

நான் பாலத்தைக் கடந்து போய்வந்தால் நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதம் ஆயிரம். எட்டாயிரத்தில் மாற்றினால் எட்டு மாதத்துக்கு ஒரு சாதாரண பிளக். கழற்றிப் போடப் பத்து நிமிடம். இந்தக் கணக்கில் எனக்கு நாற்பது வெள்ளி கட்டுப்படியாகவில்லை. ஆனால் டேங்கைத் தூக்கினால்தான் பிளக்கே கண்ணில் படும் என்கிற பெரிய மோட்டாருக்கு, கூலியையும் சேர்த்துப் பார்த்தால் விலை கூடியதே மலிவு. தொழிற்சாலையிலிருந்தே இரிடியத்தோடு வந்த மோட்டாருக்குக் கையேட்டில் சொன்னதையே போடுங்கள். அதில் நிக்கலைப் போட்டுவிட்டு இரிடியத்துக்கான தவணை வரை காத்திருந்தால் நடுவழியில் இருமும்.

போலிகள். இதில் நானே ஏமாந்தவன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்கு இரிடியம் வாங்கினேன். பெட்டி கச்சிதம், எழுத்தும் கச்சிதம். மரையில் விரலை ஓட்டினால் மட்டும் சொரசொரப்பு. மரைக்கு மேலே இருக்கும் உலோக வளையம் கையோடு கழன்று வந்தது, அசலில் அது அப்படிச் சுலபமாகக் கழலாது. மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்தேன். ஆர் என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய 5,000 ஓம் காட்ட வேண்டும், அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. எரிபொருள் இன்ஜெக்ஷன் மோட்டாரில் அந்தத் தடை இல்லாவிட்டால் பொறியின் மின் இரைச்சல் மோட்டாரின் கணினியைக் குழப்பலாம். எதிர்ப்பக்கம் ஒரு பயமும் உண்டு: பெட்டியில் நிட்டெரா என்று பார்த்ததும் போலி என்று திருப்பித் தருபவர்கள். என்.ஜி.கே நிறுவனம்தான் 2023 ஏப்ரலில் அப்படிப் பெயர் மாற்றிக்கொண்டது, பிளக்கின் பெயர் பழையபடியே.

பொருத்துவதில் சொல்ல அதிகமில்லை. எஞ்சின் ஆறட்டும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் போகும். விரலாலேயே கடைசிவரை திருகி, வளையம் உட்கார்ந்த பிறகு சாவியால் அரைச்சுற்று. ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டும் இடம் அது இல்லை. இரிடியத்தைக் கம்பி பிரஷால் தேய்க்கவே கூடாது, இடைவெளி சரிசெய்கிறேன் என்று ஊசியில் எதையும் அழுத்தவும் கூடாது, முறிந்துவிடும். வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கம் அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் புகை கசிகிறது என்று பிளக்கை வீசாதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலிருக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை அது.

சரி, தங்கச்சி மகன் கதை. மூன்று வாரம் கழித்து அவனே கூப்பிட்டான்: "மாமா, காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." வேலை முடிந்து வரும் வழியில் ஜெலுத்தோங்கில் நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றினால் இரிடியம் ஊசியே தெரியவில்லை, அடுப்புக் கரி பூசியது மாதிரி கருகருவென்று. நன்றாக எரியும் பிளக் வெளிர் பழுப்பாக இருக்கும். முக்குக் கடையில் சாதாரண 8-ஐ வாங்கினோம், ஒன்பது வெள்ளி. போட்டுக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்தான்.

"இப்பவும் பறக்குது மாமா."