அமெரிக்கக் குடியுரிமையைத் துறக்குமுன்: கோலாலம்பூர்வாசிகளுக்கு

கையில் வேறொரு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லாமல் இதில் இறங்காதீர்கள், நாடற்றவராகிவிடுவீர்கள்.

துறப்பதற்கு முந்தைய 5 ஆண்டுகளின் வரிக் கடமைகளை முடித்ததாக அமெரிக்க வரித்துறையின் படிவம் 8854-இல் உறுதி கூற வேண்டும். ‘குடியுரிமையை விடுவோர்மீதான வெளியேற்ற வரி விழ, என்னிடம் 20 லட்சம் டாலர் சொத்தா இருக்கிறது?’ என்று பலர் அசட்டையாக விடுகிறார்கள். உறுதி கூறாவிட்டால், சொத்து குறைவானாலும் வெளியேற்ற வரி விதிகளுக்குள் சிக்குவீர்கள்.

வங்கிக் கணக்கு அறிக்கை தனி. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். பிரிக்பீல்ட்ஸ் வங்கியில் அம்மாவோடு கூட்டாகப் போட்ட பிக்சட் டெபாசிட்? பாதியல்ல, முழுத்தொகையையும் காட்ட வேண்டும்.

இந்த வரிக் கடமைகளை முடித்தபிறகே ஜாலான் துன் ரசாக் அமெரிக்கத் தூதரகத்தில் நேரில் துறப்பு உறுதிமொழி. குடியுரிமை இழப்புச் சான்றிதழ் தாமதமாக வந்தாலும், உறுதிமொழி எடுத்த நாள்தான் துறந்த தேதி. மறு ஆண்டு கடைசி வரித் தாக்கலோடு 8854-ஐயும் அனுப்புங்கள். விட்டால் அபராதம் 10,000 டாலர்.