துட்டன்காமுன் பெயரை நீங்களே வாசிக்கலாம்

எகிப்தியச் சித்திர எழுத்தைப் பார்த்ததும் ஆந்தை என்றால் இரவு, சிங்கம் என்றால் வீரம் என்று கதை கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் வழிதவறினார்கள். பெரும்பாலான படங்கள் ஒலிக்கானவை என்று 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் நிறுவிய பிறகே வாசிப்பு சாத்தியமானது.

பண்டைய எகிப்திய அரசர் துட்டன்காமுன் பெயர் பொறித்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு முனையில் முடிச்சுள்ள கயிற்று நீள்வட்டத்தைத் தேடுங்கள். இதுதான் கார்ட்டூஷ், உள்ளே இருப்பது அரசர் பெயர். துட்டன்காமுனுக்கு இப்படி இரண்டு கார்ட்டூஷ்கள் உண்டு. வண்டு தெரிந்தால் அது நெப்கெப்பெரூரே என்ற முடிசூட்டுப் பெயர், விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது காடைக்குஞ்சு இருப்பது.

படி 2: குஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் மேலிருந்து கீழே.

படி 3: இனி ஒலிகள்.
நாணல் இலை: ய்
காய்கள் அடுக்கிய ஆட்டப்பலகை: ம்ன்
நீர் அலை: ன்
ரொட்டி: த்
காடைக்குஞ்சு: வ்
மேலே வளையமுள்ள சிலுவை: அன்க், அதாவது உயிர்

பலகையிலேயே 'ன்' இருக்க, அலை எதற்கு? பலகையை எப்படி ஒலிப்பது என்று நினைவூட்டத்தான். அதை இரண்டாவது 'ன்' ஆகச் சேர்க்கக் கூடாது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. ஆக, முதல் மூன்று குறிகளும் சேர்ந்து ய்-ம்-ன், ஆமுன் கடவுள். உயிரொலிகளை எகிப்தியர் எழுதவில்லை. இன்று நாம் சொல்லும் உச்சரிப்பு ஆய்வாளர்கள் நிரப்பியது.

படி 4: ரொட்டி, குஞ்சு, ரொட்டி: 'துத்', உருவம். அடுத்து அன்க். எழுதியிருக்கும் வரிசையில் வாசித்தால் ஆமுன்-துத்-அன்க் என்று வரும். ஆனால் கடவுள் பெயரை மரியாதைக்காக முன்னால் எழுதுவது அவர்கள் வழக்கம். வாசிக்கும்போது அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். துத்-அன்க்-ஆமுன்: ஆமுனின் உயிருள்ள உருவம்.

படி 5: கார்ட்டூஷின் அடிப்பகுதியில் கோல், தூண், செடி என மூன்று குறிகள் மிஞ்சும். இவை ஒவ்வொன்றும் ஒரு முழுச் சொல். கோல் ஆள்பவன், தூண் ஈயுனு நகரம், செடி தெற்கு. தெற்கு ஈயுனு என்றால் தீப்ஸ் என்ற எகிப்திய நகரம். அதன் அதிபதி என்பது அவர் பட்டம்.

அடுத்த பயிற்சிக்கு, ஒரே செய்தியை மூன்று எழுத்துகளில் பொறித்த ரொசெட்டா கல்லில் உள்ள தாலமி என்ற அரசரின் பெயரை எடுங்கள். சதுரம் 'ப்', ரொட்டி 'த்', படுத்திருக்கும் சிங்கம் 'ல்'. மிச்சத்தை நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள்.