நீரிழிவுள்ள பூனைக்குக் குளுக்கோமீட்டர் வாங்கும்போது

வீட்டில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் குளுக்கோமீட்டரையே பூனைக்கும் பயன்படுத்தலாமா என்பதுதான் பலரும் முதலில் கேட்கும் கேள்வி. பயன்படுத்தலாம், ஆனால் மனித இரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்க, பூனையின் இரத்தத்தில் அது பெரும்பாலும் அணுக்கள் மிதக்கும் திரவமான பிளாஸ்மாவிலேயே இருப்பதால், மனிதருக்கென அமைக்கப்பட்ட கருவி பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். ஆல்ஃபாட்ராக் போன்ற விலங்குகளுக்கான கருவிகள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்கின்றன. அவற்றில் நாய்க்கும் பூனைக்கும் தனித்தனிக் குறியீடு இருந்தால், பூனைக்குரியதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து, கருவிக்குத் தேவைப்படும் இரத்தத்தின் அளவைப் பாருங்கள். காது மடலை வெதுவெதுப்பான துணியால் சற்று நேரம் ஒற்றி, ஓரத்து இரத்தக் குழாயை ஒட்டி ஊசியால் குத்தினால் கடுகளவுதான் இரத்தம் துளிர்க்கும். அதற்குள் பூனை தலையை உதறினால் அதுவும் போயிற்று. ஆகவே 0.3 மைக்ரோலிட்டர் போதும் என்னும் கருவி, 1 மைக்ரோலிட்டர் கேட்கும் கருவியைவிட நடைமுறையில் மிகவும் எளிது.

கருவியின் விலையைவிட, இரத்தத் துளியை ஏற்றும் சோதனைப் பட்டைகளின் விலையும் அவை தடையின்றிக் கிடைக்குமா என்பதுமே முக்கியம் என்பது என் கருத்து. விலங்குகளுக்கான பட்டைகள் கட்டுப்படியாகாவிட்டால், மனிதருக்கான நல்ல கருவி ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்தி, எந்தக் கருவியில் எடுத்த அளவு என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்; ஏனெனில் இன்சுலின் அளவை அவர் முடிவு செய்வதற்கான எல்லைகள் கருவிக்கேற்ப மாறும்.