பழைய அம்பாசிடருக்கு இன்ஜின் மாற்றலாமா?

1489 சிசி பெட்ரோல் இன்ஜின் கொண்ட அம்பாசிடரில் புகை மிகுந்து இழுவை குறைந்தால், மாற்று இன்ஜினைத் தேடுவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே உருவாகும் அழுத்தத்தையும்) அளந்து பார்க்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அது உயர்ந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது என்றும், உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டிலோ) பழுது இருக்கக்கூடும் என்றும் கொள்ளலாம். பின்னதற்காக இன்ஜினையே மாற்றுவது வீண் செலவு. அடித்தட்டு துருப்பிடித்து உளுத்த வண்டிக்கும் (பலர் குனிந்து பார்ப்பதே இல்லை) மாற்றம் தகாது. டீசலுக்கு மாற விரும்புவோர் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் பிடிப்பு), ரேடியேட்டர், முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங்காகச் செயல்படும் முறுக்குக் கம்பி) ஆகியவற்றின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் திருத்தம் செய்ய வழியில்லாத இன்ஜினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.